மண்டி கலங்காமல் ஊற்றியவன்

பொன்னுரங்கத்தின் கல்யாணம் ஒரே ஒரு வார்த்தையால் நின்றுபோகப் பார்த்தது. மந்தைவெளிப் பக்கம் பெண் பார்க்கப் போயிருந்தோம். பெண்ணின் அப்பா, "மாப்ள இன்னா வேல பண்றாரு?" என்று கேட்டார். இவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஒயின் தொறக்கற வேல" என்றான். அவ்வளவுதான். நம் ஊரில் ஒயின் என்றால் ஒயின் ஷாப். அதாவது ஒயினைத் தவிர மற்ற எல்லாம் விற்கிற இடம். வாசலில் நாலு பேர் விழுந்து கிடக்கிற இடம். குடித்துக்கொண்டிருந்த டீ கிளாஸை எங்கள் கையிலிருந்து பிடுங்காத குறை.

பொன்னுரங்கம் மூச்சுவிடாமல் விளக்கினான். பெரிய ஹோட்டல், வெளிநாட்டு பாட்டில், வெள்ளைச் சட்டை, கறுப்பு டை. ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் பெண்ணே உள்ளேயிருந்து வந்து நின்றாள்.

"நீ குடிப்பியா?"

"தொட்டதில்ல."

"கற்பூரம் அணைப்பியா?"

அவள்தான் சுப்பம்மா. கேட்டதோடு நிற்கவில்லை, தட்டில் கற்பூரத்தைக் கொளுத்தி எடுத்தே வந்துவிட்டாள். இவன் வலது உள்ளங்கையை வைத்து அணைத்தான். மூன்றாவது மாதம் கல்யாணம். இருபத்தெட்டு வருஷம் அந்தச் சத்தியத்தை அவன் காப்பாற்றினான். அதைக் கெடுத்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஒளித்துவைத்துக் கதை சொன்னேன் என்று யாரும் சொல்லக் கூடாது.

என் பெயர் ஜவஹர். நானும் அவனும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பாண்டி பஜாரிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிற ஹோட்டல். அதன் பெயர் வேண்டாம், நான் இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். நான் பார் பக்கம், அவன் கிளாஸ் கழுவுகிற பக்கம். அவன் கோட்டூர்புரத்தில் ஆற்றங்கரைக் குடிசையில் பிறந்தவன். அவன் அப்பா ரிக்‌ஷா இழுத்தவர், சாராயத்திலேயே போய்ச் சேர்ந்தவர். காலையில் எழுந்தால் அந்த மனுஷனுக்குக் கை ஆடுமாம். டீயைச் சட்டையில் கொட்டிக்கொள்வாராம். கடைக்குப் போய் வந்தால்தான் நிற்குமாம். "அத்தப் பார்த்துப் பார்த்தே எனுக்கு அந்த நாத்தம் புடிக்காமப் பூட்ச்சி ஜவஹரு" என்பான்.

அந்த நாற்றம் பிடிக்காதவனுக்கு மூக்கு மட்டும் அப்படி ஒரு மூக்கு. கழுவ வருகிற கிளாஸையெல்லாம் தண்ணீரில் போடுவதற்கு முன் ஒரு முறை முகர்ந்து பார்ப்பான். எது புளிப்பு, எது பழசு, எது கெட்டது என்று முகர்ந்தே கற்றுக்கொண்டான். இந்தத் தொழிலில் பாட்டிலைத் திறக்கிறவன் ஒரு மிடறு குடித்துப் பார்த்துச் சொல்வது வழக்கம். இவன் தக்கையை மூக்கருகே கொண்டுபோவான், அவ்வளவுதான். ஒரு முறை ஒரு பெரிய ஆளின் மேஜையில், "சார், ஈரச் சாக்கு வாடை அடிக்குது, வேணாம்" என்றான். அவர் கோபமாக வாங்கிக் குடித்துவிட்டு, முகம் போன போக்கில் கிளாஸைத் தள்ளிவைத்தார். அன்றையிலிருந்து பழைய சிவப்பு ஒயின் என்றால் பொன்னுரங்கத்தைக் கூப்பிடு என்று ஆகிவிட்டது.

இந்தப் பழைய ஒயின் விவகாரத்தைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. இங்கே யாரும் அதை ருசிக்காகத் திறப்பதில்லை. மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகும், கடைக்கு மூன்றாவது கிளை வரும், யாருக்காவது அறுபது ஆகும். உடனே வெளிநாட்டில் இருக்கிற ஒருவன் பனியனில் சுற்றி ஒரு பாட்டிலைக் கொண்டுவருவான். பாட்டிலின் மேல் இருக்கிற வருஷத்தைப் படித்துக் கண் கலங்குவார்கள். குடித்ததும், "என்ன இது, புளிக்குது" என்று பக்கத்தில் இருக்கிறவரிடம் மெதுவாகச் சொல்வார்கள். ஆனால் திறக்கிற அந்தப் பத்து நிமிஷம் மட்டும் அறையில் மூச்சு கேட்காது. பொன்னுரங்கம் அந்தப் பத்து நிமிஷத்துக்காகவே பிறந்தவன் மாதிரி நிற்பான்.

அது லேசான வேலை இல்லை. முப்பது வருஷத்துத் தக்கை உளுத்துப்போயிருக்கும். திருகினால் பொடியாகி உள்ளே விழுந்துவிடும். இரண்டு மெல்லிய தகடுகளைத் தக்கையின் பக்கவாட்டில் இறக்கி, ஆட்டி ஆட்டி மேலே கொண்டுவர வேண்டும். அதைவிட மோசம், பாட்டிலின் அடியில் மண்டி தங்கியிருக்கும். முதல் நாளே நிற்கவைத்துவிட்டு, பிறகு கண்ணாடிக் கூஜாவில் ஒரே சீராகச் சாய்த்து ஊற்ற வேண்டும். பாட்டிலின் கழுத்துக்குப் பின்னால் மெழுகுவர்த்தி எரியும். அந்த வெளிச்சத்தில் மண்டி வருவது தெரிந்ததும் நிறுத்த வேண்டும். நடுவில் கை ஒரு தடவை ஆடினால் போதும், முப்பது வருஷமும் கலங்கிவிடும். பிறகு மேஜையில் இருக்கிற எல்லோரும் காபிக் கசடு குடிக்கிற மாதிரி குடிக்க வேண்டியதுதான்.

அந்தக் கைதான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆட ஆரம்பித்தது.

முதலில் எனக்கு மட்டும்தான் தெரிந்தது. பேனாவைப் பிடித்தால் எழுத்து கோணும். டீயை இரண்டு கையாலும் பிடித்தான். வேலை நேரத்தில் முழங்கையை விலாவோடு ஒட்டவைத்துக்கொண்டு, பாட்டிலைத் தடித் துணியால் சுற்றி, எப்படியோ ஒப்பேற்றினான். அப்போது அவன் குடும்பம் பெரும்பாக்கத்தில் இருந்தது. வெள்ளம் வந்த வருஷம் ஆற்றங்கரையிலிருந்து எல்லோரையும் அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறான், அதனால் கை சோர்ந்திருக்கும் என்று நான் நினைத்தேன். நான் நல்லவிதமாக நினைத்தது அது ஒன்றுதான்.

அவன் சும்மா இருக்கவில்லை. இடது கை அவ்வளவு ஆடவில்லை என்பதால் வீட்டில் இடது கையால் தண்ணீர் ஊற்றிப் பழகினான். மூன்று மாதம் பழகியபின் ஒரு நாள் ஹாலில் இடது கையால் ஊற்றினான். ஒரு சொட்டு சிந்தவில்லை. ஆனால் அது மாப்பிள்ளையை அழைத்து விருந்து வைத்த மேஜை. மாப்பிள்ளையின் அத்தை, "நல்ல நாளும் அதுவுமா பீச்சாங்கையில ஊத்துறான் பாரு" என்று சத்தமாகவே சொன்னார். மாப்பிள்ளை கிளாஸைத் தள்ளிவைத்தான். வெளிநாட்டில் என்றால் எந்தக் கையால் ஊற்றினாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நம் ஊரில் பாட்டில் வெளிநாட்டுச் சரக்காக இருக்கலாம், கை மட்டும் சோற்றுக்கையாக இருக்க வேண்டும். அந்த வழியும் அடைபட்டது.

ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்குக்குப் போனான். அந்த டாக்டர் கையை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "குடிச்சா நடுக்கம் குறையுதா?" என்று கேட்டாராம். இவனுக்கு வந்ததே கோபம். எழுந்து, "நான் குடிக்கறவன் இல்ல சார்" என்று சொல்லிவிட்டு, சீட்டைக்கூட வாங்காமல் வெளியே வந்துவிட்டான். அவர் நோயைக் கேட்டார், இவன் காதில் வசவாக விழுந்தது. நாற்பது வருஷமாக அந்த ஒரு வசவுக்குப் பயந்தே வாழ்ந்த மனுஷனுக்கு அது வேறு எப்படி விழும்?

என்னிடம் வந்து இதைச் சொன்னபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? உள்ளுக்குள் சிரித்தேன். பார் வேலையில் காலையில் கை ஆடுகிற எத்தனையோ பேரைப் பார்த்தவன் நான். மத்தியானம் கடை திறக்கும் முன் ஷட்டருக்கு வெளியே நிற்கிற கைகள் எப்படி ஆடும் என்று எனக்குத் தெரியும். பொன்னுரங்கம் ரகசியமாகக் குடிக்கிறான் என்று முடிவே கட்டிவிட்டேன். சுப்பம்மாவுக்குப் பயந்து என்னிடம்கூட மறைக்கிறான் என்று நினைத்தேன். நண்பன்தானே என்று மன்னித்தும் விட்டேன். செய்யாத தப்புக்கு மன்னிப்பு கொடுக்கிற என் பெருந்தன்மையை என்னவென்று சொல்வது!

இதற்குள் இரண்டு மேஜைவிரிப்புகளில் சிவப்புக் கறை விழுந்துவிட்டது. எங்கள் மேனேஜர் விஜயராகவன் மயிலாப்பூர்க்காரர். கத்த மாட்டார், அதுதான் பயம். அவனைக் கூப்பிட்டு நிதானமாகச் சொன்னார்: "பொன்னுரங்கம், ஊர்ல எல்லாரும் பேசிண்டிருக்கா. நான் நம்பலை. ஞாயித்துக்கிழமை முத்துகிருஷ்ணன் சாரோட அறுபதாம் கல்யாண விருந்து. நீதான் திறக்கணும்னு கேட்டிருக்கா. அன்னிக்கும் கை ஆடித்துன்னா, நீ குடிக்கறேன்னுதான் நான் எழுதியாகணும். குடிக்கறவாளை இங்க வெச்சுக்க முடியாது."

அவனுக்கு வேலை போவதைவிட அந்த எழுத்துதான் பெரிதாக இருந்தது. "குடின்னு எழுதிட்டாருன்னா நான் சுப்பம்மா மூஞ்சில எப்படி முழிக்கறது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். வெள்ளிக்கிழமை பாட்டில் வந்தது. முத்துகிருஷ்ணனுக்கு ரங்கநாதன் தெருவில் ஜவுளிக்கடை, பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அவருக்கும் தங்கபுஷ்பம் அம்மாவுக்கும் கல்யாணம் நடந்த வருஷத்து ஒயினை மகன் கிரீஷ் தேடிப்பிடித்து வாங்கியிருந்தான். ஒரே ஒரு பாட்டில். பொன்னுரங்கம் அதைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கி, குளிர் அறையில் நிற்கவைத்தான். இரண்டு நாளும் அரை மணிக்கு ஒரு தடவை போய் அதைப் பார்த்துவிட்டு வந்தான். சனிக்கிழமை சாப்பிடவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் கை சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் மடியில் போட்டது.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை மணி. கோயிலில் சடங்கு முடிந்து குடும்பம் வந்துகொண்டிருந்தது. நான் கிளாஸ் கழுவுகிற அறைக்குப் பின்னால் போனேன். பொன்னுரங்கம் சுவரைப் பார்த்து நின்று, காலி பாட்டிலில் தண்ணீர் நிரப்பி ஊற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் கூஜாவைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் விழுந்தது. சட்டைக் கை முழுக்க ஈரம். என்னைப் பார்த்ததும், "முடியாது ஜவஹரு, நீ போயி சொல்லிட்றியா, எனுக்கு ஜொரம்னு?" என்றான். கண்ணில் நீர் நின்றது.

"ஜொரம்னு சொன்னா இன்னா எழுதுவாருன்னு தெரியாதா உனுக்கு?"

அவன் ஈரச் சட்டைக் கையைப் பிழிந்தான்.

நான் என் கையில் மறைத்துக் கொண்டுபோயிருந்த எவர்சில்வர் டம்ளரை நீட்டினேன். அரைக் கட்டிங்குக்கும் குறைவாகப் பிராந்தி, கொஞ்சம் தண்ணீர். "மச்சி, நானும் எத்தினி நாளு தெரியாத மாரியே கீறது? போடு. நின்னுடும். முடிஞ்சதும் ரெண்டு ஏலக்காய் மென்னுக்க."

அவன் டம்ளரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "நீயுமா?" என்றான். அவன் அதைச் சொன்ன விதம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. கோபமாகக்கூட இல்லை. வீட்டுக்குக் கடைசியாகப் பூட்டுப் போடுகிறவன் மாதிரி மெதுவாகச் சொன்னான். "முப்பது வருஷமா பார்த்துக்கினு கீற. நீயே அப்டி நெனச்சிக்கினுதான் இருந்தியா?"

நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். டம்ளரைப் பின்னால் இழுத்திருக்க வேண்டும். வெளியே நாதஸ்வரக்காரர் வாசித்துக்கொண்டே உள்ளே வருவது கேட்டது. விஜயராகவன், "பொன்னுரங்கம் எங்கே?" என்று யாரையோ கேட்பதும் கேட்டது. அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, மருந்து குடிக்கிற குழந்தை மாதிரி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தான். அந்த மூக்கை! குடித்துவிட்டு இருமினான், வாந்தி வருகிற மாதிரி குனிந்தான். பத்து நிமிஷம், கால் மணி. கையை நீட்டிப் பார்த்தான்.

கை நின்றிருந்தது.

இரண்டு வருஷமாக ஆடிய கை. நான், "பார்த்தியா, நான் சொல்லல?" என்று முதுகில் தட்டினேன். அவன் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். செத்துப்போனவர் யாரோ எதிரில் வந்து நிற்கிற மாதிரி ஒரு பயம் முகத்தில். "அப்ப நான் குடிகாரன்தானா ஜவஹரு? குடிக்காமயே?" என்றான். "எங்கப்பன் குட்ச்ச குடி என் ஒடம்புல கீதா?"

"லூசு மாரி பேசாத, போ" என்று தள்ளிவிட்டேன்.

அன்றைக்கு அவன் திறந்த மாதிரி நான் என் வாழ்க்கையில் பார்த்ததில்லை. தகடுகளை இறக்கினான். உளுத்துப்போன தக்கை பொடி உதிராமல் முழுசாக எழுந்து வந்தது. முகர்ந்தான், தலையசைத்தான். மெழுகுவர்த்தியை ஏற்றினான். பாட்டிலைச் சாய்த்தான். செங்கல் நிறத்தில் ஒயின் நூலாக இறங்கியது. பதினெட்டுப் பேர் உட்கார்ந்திருந்த மேஜையில் ஒரு குழந்தைகூட வாய் திறக்கவில்லை. பாட்டிலின் கழுத்தில் மண்டி கறுப்பாக எட்டிப் பார்த்த அந்த நொடியில் நிறுத்தினான். கூஜாவில் இருந்ததற்குப் பின்னால் மெழுகுவர்த்தியின் சுடர் கலங்காமல் தெரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். வாசலில் நின்ற விஜயராகவன்கூடச் சிரித்தார். பொன்னுரங்கத்தின் முகமும் ஒரு நிமிஷம் பழைய முகமாக ஆனது. அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன்.

வலது கையால், வரிசையாக, ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றிக்கொண்டு வந்தான். தங்கபுஷ்பம் அம்மா, "எனக்கு ஒரு வாய் போதும்யா" என்றார். புதுத் தாலிக் கயிறு மஞ்சளாக, கழுத்து நிறைய மாலையோடு உட்கார்ந்திருந்தார். இவன் அவர் பக்கம் குனிந்து ஊற்றினான். அவர் முகத்தைச் சட்டென்று திருப்பி, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்.

"ஏல கிரீசு, இந்தாளு குடிச்சிருக்காம்ல. பிராந்தி நாத்தம். நல்ல காரியத்துல குடிச்சிட்டு வந்தா பரிமாறுதது?"

ஒயின் ஊற்றுகிறவன் மேல் குடி வாடை என்று ஒரு புகார். சிரிக்க வேண்டிய விஷயம். ஆனால் அந்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். கூஜாவில் இருந்தது அவர் கல்யாண வருஷம், இவன் வாயில் இருந்தது கடைப் பிராந்தி. இரண்டும் ஒன்றில்லை என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்கு எனக்குத் தெரியாமல் போயிற்று. கிரீஷ் சத்தம் போடவில்லை, எழுந்து வாசலுக்குப் போய் விஜயராகவனிடம் மட்டும் சொன்னான்.

மூன்று மணிக்கு மேனேஜர் அறை. நானும் பார் கேப்டன் என்ற முறையில் கூப்பிடப்பட்டேன். விஜயராகவன் முகம் வெளுத்திருந்தது. அவர் நிஜமாகவே அவனை நம்பியிருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது.

"எத்தனை நாளா?" என்றார்.

"இன்னிக்கிதான் சார்."

"எல்லாரும் இதைத்தான் சொல்லுவா. எங்கேர்ந்து எடுத்தே?"

நான் அவனுக்குப் பக்கத்தில், ஒரு முழத் தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். என் வாய்க்குள் அந்தப் பதில் இருந்தது. "நான்தான் சார் ஊத்திக் கொடுத்தேன்." நாலு வார்த்தை. பொன்னுரங்கம் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் அவர் கண்டுபிடித்துவிடுவார் என்று கழுத்தைக் கெட்டியாக வைத்துக்கொண்டு நின்றான்.

"நானே எடுத்துக் குட்ச்சேன் சார்."

அவன் சொன்னான், அவர் எழுதினார், நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குக் குடும்பம் இருக்கிறது, குழந்தைகள் படிக்கிறார்கள் என்றெல்லாம் அப்போது மனசு காரணம் தேடிக்கொடுத்தது. அவனுக்கு மட்டும் குடும்பம் இல்லையா? நான் கோழை. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. அவன் கையெழுத்துப் போடும்போது கை மறுபடி ஆட ஆரம்பித்திருந்தது. பிராந்தி இறங்கிவிட்டது. விஜயராகவன் அந்தக் கோணல் கையெழுத்தைப் பார்த்து, வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

பழைய பாட்டில்களை இப்போது நான்தான் திறக்கிறேன். நன்றாக வராது.

ஒன்றரை மாதம் அவனைப் பார்க்கப் போகவில்லை. போன் எடுக்கவும் தைரியம் வரவில்லை. சுப்பம்மாதான் கூப்பிட்டாள். "நைனா, நீ வந்து கேளு. தெனம் குடிக்குது. ஆனா குடிக்கலன்னு என் தலைல அடிச்சி சத்தியம் பண்ணுது. கை மட்டும் காத்தால எந்திரிச்சா ஆடுது பாரு, அவுங்கப்பன் கை மாரியே. எங்க குடிக்குது, எப்ப குடிக்குதுன்னே தெர்ல நைனா. நான் பைத்தியம் ஆய்டுவேன்."

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். காலை ஏழு மணியிலிருந்து சாயங்காலம் வரை அவன்கூடவே இருந்தேன். கீழே டீக்கடைக்கு, ரேஷன் கடைக்கு, முடி வெட்டிக்கொள்ள, எல்லா இடத்துக்கும். ஒரு சொட்டு குடிக்கவில்லை. கை ஆடிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. குடிக்காதவனுக்கு ஆடுகிறது, குடித்தால் நிற்கிறது. குடிகாரனுக்கும் அப்படித்தான். வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான். முப்பது வருஷம் பக்கத்தில் நின்றவனுக்குமா அது தெரியாமல் போக வேண்டும்? பஸ் நிறுத்தத்திலேயே வாய்விட்டு அழுதேன். பொன்னுரங்கம் பயந்துபோய், "யாருக்கு இன்னா ஆச்சி?" என்று கேட்டான்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். நரம்பு டாக்டர் சின்ன வயசுப் பெண், பெயர் லாவண்யா. தாளில் ஒரு சுருள் வரையச் சொன்னார், இவன் வரைந்தது முள்கம்பி மாதிரி வந்தது. பிறகு ஒரு பிளாஸ்டிக் டம்ளரிலிருந்து இன்னொரு டம்ளரில் தண்ணீரை ஊற்றச் சொன்னார். உலகத்தில் இருக்கிற அத்தனை வேலையிலும் இவனிடம் போய் அதைச் சொன்னார். பாதித் தண்ணீர் மேஜையில் போயிற்று. பொன்னுரங்கம், "மன்னிச்சுக்கோ தாயி" என்று சட்டைத் துணியால் துடைக்கப் போனான்.

"பரவாயில்லை, விடுங்க. குடிச்சா நடுக்கம் நிக்குதா?"

அவன் எழுந்திருக்கப் பார்த்தான். நான் தோளைப் பிடித்து உட்காரவைத்தேன். "நிக்குது டாக்டர்" என்றேன். "வாழ்க்கையில ஒரே ஒரு தடவை குடிச்சான். நின்னுது."

"அதுதான் இந்த நோயோட குணம். இது குடியால வர்றது இல்லை. பரம்பரையா வரும். அப்பாவுக்குக் கை நடுங்குமா?"

பொன்னுரங்கம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். "நடுங்கும்" என்றான். "அத்து சாராயத்துக்காவ நடுங்குதுன்னு நெனச்சேன் தாயி. செத்தப்போ கொள்ளி வெச்சேன், ஆனா அயுவல."

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். முழுசாகப் போகாது, பாதிக்கு மேல் குறையும் என்றார். சின்ன வெள்ளை மாத்திரை. அந்த முதல் கிளினிக்கில் கோபித்துக்கொண்டு எழுந்து வராமல் இருந்திருந்தால், நான் டம்ளரைத் தூக்கிக்கொண்டு போகாமல் இருந்திருந்தால் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். அவன் பஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

வேலையை மீட்க முடியவில்லை. மருந்துச் சீட்டைக் கொண்டுபோய் விஜயராகவனிடம் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, "நோய் இருந்திருக்கலாம் ஜவஹர். ஆனா அன்னிக்குக் குடிச்சானே?" என்றார். அப்போதும் அந்த நாலு வார்த்தை என் வாயை விட்டு வரவில்லை. எழுதுகிறபோது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது. பொன்னுரங்கம் இப்போது சோழிங்கநல்லூர்ப் பக்கம் ஓர் அடுக்குமாடி வாசலில் வாட்ச்மேன். பகல் ஷிப்ட். நோட்டில் வருகிறவர்கள் பெயரை அவனே எழுதுகிறானாம், எழுத்து இப்போது கோணுவதில்லை என்று சொன்னான்.

சுப்பம்மாவிடம் மட்டும் சொன்னேன். போன வாரம், ஆறாவது மாடியில் அவர்கள் வீட்டில் உட்கார்ந்து, ஒன்று விடாமல். டம்ளர், பிராந்தி, மேனேஜர் அறை, என் மௌனம், எல்லாம். செருப்பால் அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தாள். மருந்துச் சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எல்லாம் புரியுது நைனா. நோவுதான். நீ ஊத்திக் குட்த்த, அது ஒரே தபா குட்ச்சிது. அத்து மேல தப்பில்ல. என் மண்டைக்குத் தெரியுது." வெங்காயக் கையோடு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா அன்னிக்கி வூட்டுக்கு வந்தப்போ அது மேல அந்த வாடை வந்துச்சி பாரு. எனுக்கு அது போவ மாட்டேங்குது. இன்னா பண்ணட்டும், நீயே சொல்லு."

நான் சீட்டை வாங்கி மடித்து அவள் பக்கத்தில் வைத்தேன்.

ஏழு மணிக்குப் பொன்னுரங்கம் வேலை முடிந்து வந்தான். காக்கிச் சட்டை, கையில் சாப்பாட்டுப் பை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "எப்ப வந்த மச்சி?" என்றான். ஆனால் உள்ளே வரவில்லை. வாசற்படிக்கு வெளியே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நின்றான். சுப்பம்மா அரிவாள்மனையை நகர்த்திவிட்டு எழுந்து போனாள். அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. ஐம்பத்து மூன்று வயசு மனுஷன், அவள் உயரத்துக்குக் குனிந்து, வாயைத் திறந்து அவள் முகத்தில் மெதுவாக ஊதினான். அவள் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்து பார்த்துவிட்டு வழிவிட்டாள்.

"உள்ள வா" என்றாள். "கை கய்விக்கினு ஒக்காரு, நைனாவுக்கும் சேர்த்துச் சோறு போட்றேன்."